கஞ்சன்ஜங்காவில் காலை வெயில்
(நமது கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இந்த மாதம் ஏதாவது பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டபோது, ஓய்வூதிய விதிகளைப் பற்றிப் பேசட்டுமா என்றேன். "வேண்டாம் மாமா, அதை எல்லாரும் பேசியாச்சு. உங்க போட்டோ பைத்தியத்தைப் பத்திப் பேசுங்கோ" என்றார். பைத்தியம் என்று அவர் சொன்னதில் தவறில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, நான்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மைனஸ் டிகிரிக் குளிரில் மலை உச்சியில் நின்று, இரண்டு மூன்று நிமிடம் மட்டுமே இருக்கும் ஒரு வெளிச்சத்துக்காகக் காத்திருப்பவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பது?

நான் திருச்சியில் பி.எஸ்ஸி. பௌதிகம் படித்தவன். மத்திய அரசு உத்தியோகம் 1980-களில் என்னைக் கல்கத்தாவுக்குக் கொண்டு போய்ச் சேர்த்தது. பூஜை விடுமுறை வந்தால் ஆபீஸில் பாதிப் பேர் டார்ஜிலிங்குக்குப் புறப்பட்டுவிடுவார்கள். நானும் போனேன். அன்று தொடங்கி ஓய்வு பெற்ற பிறகும் சேர்த்துப் பதினொரு முறை அந்தப் பக்கம் போயிருக்கிறேன். சிகரம் முழுசாகத் தரிசனம் கொடுத்தது நான்கு முறைதான். மற்ற ஏழு முறையும் மூடுபனி, மழை, இல்லாவிட்டால் ஆலங்கட்டி. அந்த ஏழு முறையில் கற்றுக்கொண்டதைத்தான் இன்று பெரும்பாலும் சொல்லப் போகிறேன்.

முதலில் இடம். டைகர் ஹில் என்பது டார்ஜிலிங்குக்குப் பக்கத்தில் சுமார் 2,590 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 8,586 மீட்டர் உயரமுள்ள கஞ்சன்ஜங்கா, நேர்க்கோட்டில் 80 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. வடக்கே, கொஞ்சம் மேற்காகச் சாய்ந்து தெரியும். டூரிஸ்டுகள் கூட்டமாக நின்று கிழக்கே சூரியனைப் படம் எடுப்பார்கள். சூரியன் மெரினாவிலும் உதிக்கிறது, ராமேஸ்வரத்திலும் உதிக்கிறது. அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது இடது கைப் பக்கம். குளிர்காலத்தில் சூரியன் தென்கிழக்கில் எழுவதால் கிட்டத்தட்ட நமக்கு வலப்புறம் பின்னாலிருந்து சிகரத்தின் மேல் வெளிச்சம் விழும். பாறையும் பனியும் மடிப்பு மடிப்பாகத் தெரிய அதுதான் சரியான கோணம்.

டைகர் ஹில்லிலிருந்து எவரெஸ்டும் தெரியும், ஆனால் 170 கிலோமீட்டருக்கு அப்பால். அதன் பக்கத்தில் மகாலு சிகரம் உயரமாகத் தெரிவதால் பாதிப் பேர் மகாலுவைத்தான் எவரெஸ்ட் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறார்கள். அருகில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது. பூமியின் வளைவும் தூரத்துச் சிகரத்தைக் கொஞ்சம் கீழே இழுத்துவிடுகிறது.

இன்னும் நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் சந்தக்பூ. 3,636 மீட்டர். உலகத்தின் ஐந்து உயர்ந்த சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு என்று நான்கை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். மானேபஞ்சன் என்ற ஊரிலிருந்து சுமார் 31 கிலோமீட்டர் ஏற வேண்டும். நான் போன காலத்தில் கல்லும் குழியுமான பாதையில் பழைய லேண்ட் ரோவர் வண்டிகள்தான் போகும். ஒவ்வொரு வண்டிக்கும் என்னைவிட வயது அதிகம் இருக்கும் போலத் தோன்றும்.

சரி, சூர்யோதயத்தில் என்னதான் நடக்கிறது? பஞ்சாங்கம் பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அருணோதயம் என்பது சூர்யோதயத்துக்கு நான்கு நாழிகை முன்னால், அதாவது 96 நிமிடம். இன்றைய வானியல் கணக்குப்படி சூரியன் அடிவானத்துக்கு 18 டிகிரி கீழே இருக்கும்போது விடியல் ஒளி தொடங்குகிறது. டார்ஜிலிங் இருக்கும் அட்சரேகையில் அது சூர்யோதயத்துக்குச் சுமார் ஒரு மணி இருபது நிமிடம் முன்னால். இரண்டு கணக்கும் எவ்வளவு பக்கத்தில் வருகின்றன பாருங்கள். ஆகவே நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன் சூர்யோதயம் என்றால், நாலரைக்கே முக்காலியை ஊன்றிவிட வேண்டும்.

இருட்டு நீலமாக மாறும். பிறகு மேற்கே அடிவானத்தை ஒட்டி ஒரு கருநீலப் பட்டையும் அதற்கு மேல் ரோஜா நிறப் பட்டையும் தெரியும். அந்தக் கருநீலப் பட்டை வேறொன்றுமில்லை, பூமியின் நிழல். நம் பூமி ஆகாயத்தில் தன் நிழலைப் போடுவதை வெறுங்கண்ணால் பார்க்கலாம். சூரியன் ஏற ஏற அந்த நிழல் கீழே இறங்கும். அடுத்த சில நிமிடம் சிகரம் உயிரில்லாத சாம்பல் வெள்ளையாக இருக்கும். புதிதாக வந்தவர்கள் "இவ்வளவுதானா?" என்று டீ குடிக்கப் போவது இந்த நேரத்தில்தான். அப்போதுதான் உச்சியில் சுண்டு விரல் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு விழும்.

இதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. உயரத்தில் இருப்பவனுக்கு அடிவானம் கண் மட்டத்துக்குக் கீழே இறங்கித் தெரியும். 8,586 மீட்டர் உயரத்தில் அது ஏறக்குறைய 2.7 டிகிரி, டைகர் ஹில் உயரத்தில் 1.5 டிகிரி. சூரியன் ஒரு டிகிரி ஏற அங்கே நாலரை நிமிடம் ஆகும். ஆகவே நமக்கு உதயமாவதற்குச் சுமார் ஐந்து நிமிடம் முன்னாலேயே கஞ்சன்ஜங்காவின் உச்சிக்கு உதயமாகிவிடுகிறது. பக்கத்தில் 6,691 மீட்டர் உயரமுள்ள பாண்டிம் சிகரத்துக்கு வெளிச்சம் வர இன்னொரு ஒன்றரை நிமிடம். கிழக்கே பூட்டான் மலைகள் இருப்பதால் ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆகலாம். நான் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்திருக்கிறேன், கணக்கு பெரிதாக ஏமாற்றுவதில்லை. பள்ளிக்கூடத்தில் பேரன் பேத்திகளுக்கு முக்கோணக் கணிதம் எதற்கு என்று கேள்வி வந்தால் இதைச் சொல்லுங்கள்.

சிவப்பு ஏன் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கின்றன. அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சி வேளையைவிட 38 மடங்கு அதிகக் காற்றைத் தாண்டி வருகிறது. வழியில் நீலமெல்லாம் உதிர்ந்து சிவப்பு மட்டும் மிச்சம். ஒளிச் சிதறல் என்றதும் சர் சி.வி. ராமன் ஞாபகம் வராமல் இருக்குமா? 1921-ல் கப்பலில் போகும்போது மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்துத்தான் அவர் சிந்தனை அந்தப் பக்கம் தீவிரமாகத் திரும்பியது. அவரும் 1907-ல் கல்கத்தாவில் நிதித்துறை அதிகாரியாக உத்தியோகம் ஆரம்பித்தவர்தான். 1917-ல் உத்தியோகத்தை விட்டார். எனக்கு அந்தத் தைரியம் வரவில்லை, பென்ஷன் வாங்குகிறேன்.

இனி குளிருக்கு வருவோம். ஒரு கிலோமீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும். சந்தக்பூவில் நவம்பர் விடியலில் மைனஸ் ஐந்து, ஆறு என்பது சாதாரணம். காற்றும் சேர்ந்தால் தோலுக்கு அது மைனஸ் பதினைந்து மாதிரி இருக்கும். மனிதனுக்காவது காப்பி இருக்கிறது. கேமராவின் பேட்டரிக்கு ஒன்றும் கிடையாது. உள்ளே நடக்கும் ரசாயன வினை குளிரில் மந்தமாகிவிடும். இரவு முழு சார்ஜ் காட்டிய பேட்டரி காலையில் பத்துப் படத்தில் கண்ணை மூடிவிடும். உதறிப் பயனில்லை. இரண்டு பேட்டரி வைத்துக்கொண்டு ஒன்றை உள் சட்டைப் பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். கேமராவில் இருப்பது சோர்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். சோர்ந்தது சூடானதும் மறுபடி கொஞ்சம் வேலை செய்யும். இராத்திரி பேட்டரியை ரஜாய்க்குள் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குவதை வீட்டில் கேலி செய்வார்கள், செய்யட்டும்.

நான் வெகுகாலம் உபயோகித்தது நிக்கான் எஃப்.எம்.2. அதன் ஷட்டர் முழுக்க இயந்திரம், பேட்டரி மீட்டருக்கு மட்டும்தான். பேட்டரி செத்தாலும் படம் எடுக்கலாம். ஆனால் கடுங்குளிரில் ஃபிலிம் விறைத்துப் போகும், வேகமாகச் சுற்றினால் பல் ஓரத்தில் கிழியும். காற்று வறண்டிருந்தால் உராய்வு மின்சாரம் உண்டாகிப் படத்தில் மின்னல் கோடு மாதிரி விழும். டிஜிட்டலில் அந்தத் தொல்லை இல்லை. பழசுதான் உசத்தி என்று சொல்பவன் நான் இல்லை.

மூச்சுக் காற்றை மறக்காதீர்கள். வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டால் கண்ணாடி மூடிக்கொள்ளும், அது அப்படியே உறைந்தும் போகும். லென்ஸைத் துடைக்க வாயால் ஊதும் பழக்கத்தை மலையில் விட்டுவிட வேண்டும். இதைவிட முக்கியம், திரும்பி வரும்போது. குளிரில் ஊறிய கேமராவை நேரே கணப்பு எரியும் அறைக்குள் கொண்டு போனால், ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போல லென்ஸுக்குள்ளும் வெளியும் வியர்க்கும். வெளியிலேயே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுகக் கட்டிவிட்டு, பிறகு அறைக்குள் கொண்டு போங்கள். நீர் பையின் மேல் படியும். ஒரு மணி நேரம் கழித்துப் பிரிக்கலாம். மெமரி கார்டை மட்டும் முன்னாலேயே எடுத்துக்கொண்டால் அவசரக்காரர்களுக்கும் நிம்மதி.

காற்றில் முக்காலி நடுங்கும். நடுக்கம்பத்தை உயர்த்தாதீர்கள், கால்களை அகட்டி எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக வையுங்கள். தோள்பையை நடுவில் தொங்கவிடலாம், ஆனால் அது ஊசலாடாமல் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். வெறும் விரலால் உலோகத்தைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். மெல்லிய கையுறை ஒன்று, அதற்கு மேல் கனமானது ஒன்று. கல்கத்தாக்காரர்களின் குரங்குக் குல்லாவைப் பார்த்து ஒரு காலத்தில் நானும் சிரித்தவன். காதைக் காப்பாற்ற அதைவிடச் சிறந்த கண்டுபிடிப்பு இன்னும் வரவில்லை.

எக்ஸ்போஷர் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். கேமராவின் மீட்டருக்கு உலகம் முழுவதும் நடுத்தரச் சாம்பல் நிறம். கண் கூசும் பனியை முழுசாகக் காட்டினால் அதையும் சாம்பலாக்கிவிடும், அங்கே ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். ஆனால் சூர்யோதயத்தில் கதை தலைகீழ். படத்தின் முக்கால் பாகம் இருட்டு மலை, கால் பாகம் ஒளிரும் சிகரம். மீட்டர் இருட்டைப் பார்த்துப் பயந்து அதிக வெளிச்சம் விடும், சிகரத்தின் சிவப்பு வெளுத்துப் போகும். ஆகவே ஸ்பாட் மீட்டரைச் சிகரத்தின் மேல் வைத்து அளந்து, கொஞ்சம் மட்டும் கூட்டுங்கள். இருட்டு இருட்டாகவே இருக்கட்டும். கம்ப்யூட்டரில் கூட்டிக்கொள்ளலாமே என்று என் பேரன் கேட்கிறான். அவன் திருத்திய படத்தில் கஞ்சன்ஜங்கா தக்காளி சாதம் மாதிரி இருக்கிறது. சிகரம் எப்படி இருந்ததோ அப்படி வருவதற்காகத் திருத்தலாம், அதற்கு மேல் வேண்டாம் என்பது என் கட்சி. அவனுக்கு வேறு கட்சி.

இன்னொன்று, டெலி லென்ஸ் போட்ட கேமராவின் கண்ணாடி வழியாகச் சூரியனை நேரே பார்க்கவே கூடாது. நம்மில் பலருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, இருக்கிற பார்வையைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும்.

நமக்கு இவ்வளவு சௌகரியம் இருந்தும் அலுத்துக்கொள்கிறோம். 1860-களில் சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் இமயமலையில் மூன்று பெரிய பயணம் போய்ப் படம் எடுத்தார். அந்தக் காலத்து ஈரத் தகடு முறையில், கண்ணாடித் தகட்டில் அங்கேயே ரசாயனம் பூசி, அது ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, அங்கேயே கூடாரத்துக்குள் கழுவியாக வேண்டும். அதற்கான மருந்துகள், கண்ணாடிகள், இருட்டுக் கூடாரம் எல்லாம் கூலியாட்களின் முதுகில். 1866-ல் மனிரங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் அவர் இப்படிப் படம் எடுத்தார். 1899-ல் இத்தாலிக்காரர் விட்டோரியோ செல்லா, டக்ளஸ் ஃப்ரெஷ்ஃபீல்டின் குழுவோடு கஞ்சன்ஜங்காவையே சுற்றி வந்தார், அவரும் கண்ணாடித் தகடுகளோடுதான். அந்த வருஷம் செப்டம்பர் கடைசி வாரத்தில் பெரும் மழை. டார்ஜிலிங்கில் நிலச்சரிவில் பலர் இறந்தார்கள். மேலே இருந்த அந்தக் குழுவுக்கு அது பனியாகக் கொட்டியது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மிக அழகான சூர்யோதயம் கெட்ட வானிலைக்கு மறுநாள்தான் கிடைக்கும். மழையும் பனியும் காற்றிலிருக்கும் தூசியையும் புகையையும் கழுவி இறக்கிவிடும், புதுப் பனி சிகரத்தைப் பூசி வைத்திருக்கும், இரவில் மேகம் பள்ளத்தாக்கில் இறங்கிக் கடல் மாதிரி படுத்திருக்கும். எட்டு, ஒன்பது மணிக்கு வெயிலில் அது மேலே கிளம்பி எல்லாவற்றையும் மூடிவிடும். ஆகவே படம் எடுக்கிறவன் புயலுக்குப் பயந்து ஊருக்குத் திரும்பினால் படம் இல்லை. ஆனால் 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரையேறி, அதன் மிச்சம் நேபாளத்தின் அன்னபூர்ணா பக்கம் பனிப்புயலாகக் கொட்டியபோது, மலையேறப் போனவர்களும் உள்ளூர்க்காரர்களுமாக நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். அக்டோபர் என்றால் வானம் தெளிவாக இருக்கும் என்று நம்பிப் போனவர்கள் அதில் உண்டு. வங்காள விரிகுடாவில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால், சென்னைக்காரர்கள் மட்டும் கவலைப்பட்டால் போதாது. புயலைக் கூரைக்குக் கீழே, கீழிறங்க வழியுள்ள இடத்தில் உட்கார்ந்து கழிக்க வேண்டும்.

2011 நவம்பரில், ஓய்வு பெற்ற மறுவருஷம், நானும் என் பழைய சகா ஒருவரும் சந்தக்பூ போனோம். அவருக்கு அப்போது 64 வயது. ஒரேயடியாக ஏறக் கூடாது என்று டும்லிங்கில் ஒரு இரவு தங்கித்தான் போனோம். மேலே போன அன்றே மேகம் மூடியது. இரண்டு நாள் பனி. ஜன்னலைத் திறந்தால் வெள்ளைச் சுவர். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் 64 சதவீதம்தான். தண்ணீர் 88 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வேகாது. விடுதிக்காரர் குக்கர் வைத்திருந்ததால் பிழைத்தோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம் நண்பருக்குத் தலைவலி. மாத்திரை போட்டுக்கொண்டார். இரவு இரண்டு முறை வாந்தி. மூன்று மணிக்கு நான் எழுந்து கதவைத் திறந்தால், வானத்தில் ஒரு துளி மேகம் கிடையாது. நட்சத்திரம் கொட்டிக் கிடக்கிறது. நிலா வெளிச்சத்தில் கும்பகர்ணாவிலிருந்து பாண்டிம் வரை, படுத்திருக்கும் புத்தர் என்று சொல்கிறார்களே, அந்த வரிசை முழுவதும் தெரிகிறது. இருபத்தேழு வருஷமாக நான் காத்திருந்த காலை அது.

உள்ளே வந்து நண்பரை எழுப்பினேன். எழுந்து நின்றவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். குதிகாலை அடுத்த காலின் விரலில் ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நாலு அடி நடக்கச் சொன்னேன். முடியவில்லை, குடித்தவர் மாதிரி சாய்ந்தார். மலை நோய் மூளையைத் தொட்டிருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. அப்படி இருந்தால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது, உடனே இறக்க வேண்டும்.

"நீ இருந்து எடுத்துண்டு வா. நான் டிரைவரோட கீழே போயிக்கறேன். இதுக்காகத்தானே வந்தே" என்றார். அவர் பேச்சே குழறியது.

"படம் ஓடியா போறது? ஷூவைப் போட்டுக்கோ" என்றேன்.

டிரைவர் ஒரு நேபாளிப் பையன். பாதையில் பனி உறைந்திருக்கிறது, வெளிச்சம் வரட்டும் என்றான். நண்பரை ஒரு தரம் பார்த்தான். மறுபேச்சில்லாமல் சக்கரத்தில் சங்கிலி கட்ட ஆரம்பித்தான். நாலேகாலுக்குப் புறப்பட்டோம். நடைவேகத்தில்தான் வண்டி இறங்கியது. காலிபோக்ரி ஏரியை நெருங்கும்போது பக்கத்துக் கண்ணாடியில் சிவப்பு விழுந்தது. திரும்பிப் பார்த்தேன். கேமரா பின்னால் மூட்டைகளுக்கு அடியில் இருந்தது. நண்பரின் தலை என் தோளில். வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை. கைரிபாஸ் வந்து சேர்ந்தபோது ஆயிரம் மீட்டர் இறங்கியிருந்தோம். அங்கே அவர் தானாக இறங்கி நடந்து போய் டீ கேட்டார், "சக்கரை கம்மியா" என்று வேறு சொன்னார். அவர் இன்று இரண்டாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவார்.

நம் வயதில் போகலாமா என்று பலர் கேட்கிறீர்கள். டைகர் ஹில்லுக்குத் தாராளமாகப் போகலாம், உச்சி வரை வண்டி போகிறது, முழங்கால் வலிக்காரர்களும் போகலாம். சந்தக்பூ மாதிரி உயரத்துக்கு, இருதயமும் நுரையீரலும் எப்படி என்று டாக்டரிடம் காட்டிவிட்டுப் போங்கள். உயரத்துக்கான மாத்திரை உண்டு. அதையும் டாக்டர் சொல்லித்தான் போட்டுக்கொள்ள வேண்டும், சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எவ்வளவு பக்குவமாக ஏறினாலும் சிலருக்கு மலை நோய் வரத்தான் செய்யும், உடல் வலிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தனியாகப் போகாதீர்கள். மேலே தங்கும்போது கீழிறங்க ஒரு வண்டியும் டிரைவரும் கைவசம் இருக்கட்டும், பணம் கொஞ்சம் கூட ஆனாலும் பரவாயில்லை. போக ஏற்ற மாதம் அக்டோபர் கடைசியும் நவம்பரும். மார்ச், ஏப்ரலில் பூக்கள் அழகு, ஆனால் தூரத்தில் மங்கல். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிவு, குளிர் கடுமை. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வீட்டில் இருந்துகொண்டு பழைய படங்களை ஒழுங்குபடுத்துங்கள்.

இனி நான் பேசுவதைவிடப் படங்கள் பேசட்டும். இருபத்திரண்டு படம் கொண்டு வந்திருக்கிறேன். முதல் எட்டும் ஸ்லைடு ஃபிலிமில் எடுத்து ஸ்கேன் செய்தவை, அங்கங்கே பூஞ்சைக் காளான் புள்ளி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசி மூன்று 2017-ல் அதே நண்பரோடு டைகர் ஹில்லில் எடுத்தவை. முன்வரிசையில் யாராவது அந்த விளக்கை அணைத்தால் சௌகரியமாக இருக்கும்.